‘நல்லா இருந்தது’க்கு மேல் நாலு வரி: நிகழ்த்துகலை, நிலக்கலை, தொழில்நுட்பக் கலை பார்த்து எழுதுவது எப்படி

ஒரு கூடம். தரையில் இரண்டு தகர வாளிகள், நடுவில் பத்தடி இடைவெளி. ஒரு பெண் ஒரு வாளியிலிருந்து தேக்கரண்டியால் தண்ணீரை மொண்டு, சிந்தாமல் நடந்துபோய் இன்னொரு வாளியில் ஊற்றுகிறார். திரும்பி வருகிறார், மறுபடி மொள்கிறார். அவ்வளவுதான் நிகழ்ச்சி, காலையிலிருந்து கதவு மூடும் வரை. முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். “எப்படி இருந்தது?” என்றார் நண்பர். “நல்லா இருந்தது” என்றேன். அன்றிரவு நோட்டைத் திறந்து ‘காலத்தின் மீதான ஆழமான தியானம்’ என்று ஒரு வரி எழுதி மூடிவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பையைத் துழாவும்போது, வாசலில் கொடுத்த துண்டுத்தாள் கிடைத்தது. அந்த வரி அப்படியே அதில் அச்சாகியிருந்தது! முக்கால் மணி நேரம் நின்றது நான், எழுதியது வேறு யாரோ.

அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வழக்கத்துக்கு வந்தேன், அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இந்த வகைக் கலையை (கலைஞர் தன் உடம்பையும் நேரத்தையும் வைத்துச் செய்துகாட்டுவது நிகழ்த்துகலை, நிலத்தையே பொருளாக்கிச் செய்வது நிலக்கலை, இயந்திரமும் கணினியும் கொண்டு செய்வது தொழில்நுட்பக் கலை) பார்த்துவிட்டு, தனக்கு என்ன நடந்தது என்பதை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத நினைப்பவர்களுக்கு இது உதவலாம். கலை வரலாறு தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு கைக்கடிகாரம், ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில் போதும் (பல அருங்காட்சியகங்களில் பேனாவை எடுக்க விடமாட்டார்கள், அதனால் பென்சில்). எங்கே நின்றேன், எவ்வளவு நேரம் நின்றேன், அந்த நேரத்தில் என் உடம்பு என்ன செய்தது, இந்த மூன்றையும் முதலில் எழுதிவிடுங்கள். அர்த்தம் பின்னால் வந்து உட்கார்ந்தால் உட்காரட்டும். வரவே இல்லை என்றாலும் குறிப்பு வீணாகாது.

போவதற்கு முன் படிக்கலாமா?

பாதி படிக்கலாம். ‘என்ன செய்தார்’ என்பது ஒரு தகவல், ‘அதற்கு என்ன அர்த்தம்’ என்பது இன்னொன்று. முதலாவதைத் தாராளமாகத் தெரிந்துகொண்டு போங்கள், இரண்டாவதைத் திரும்பி வந்து, உங்கள் குறிப்பை எழுதி முடித்தபிறகு படியுங்கள்.

முதலாவது இல்லாமல் சில படைப்புகளைப் பார்க்கவே முடியாது. டெச்சிங் ஷே என்ற கலைஞர் நியூயார்க்கில் 1980 ஏப்ரல் 11 முதல் 1981 ஏப்ரல் 11 வரை, இரவு பகல் பாராமல், மணிக்கு ஒரு தடவை, தொழிற்சாலைகளில் ஆள் வந்த நேரத்தைப் பதிகிற இயந்திரத்தில் அட்டை குத்தினார். ஒவ்வொரு தடவையும் ஒரு ஃபிரேம் படம். தொடங்கும்போது தலையை மழித்திருந்தார், ஆண்டு முடியும்போது முடி தோள்வரை வந்துவிட்டது. மொத்தம் 8,760 தடவை குத்தியிருக்க வேண்டும், 133 தவறிப்போயின, அதில் பெரும்பகுதி தூங்கிப்போனதால். இது எதுவும் தெரியாமல் போனால் சுவர் நிறைய அட்டைகளும், துள்ளித்துள்ளி ஓடுகிற ஒரு படமும்தான் கண்ணில் படும். தெரிந்துகொண்டு போனால் இரவு மூன்று மணி அட்டை எது என்று தேட ஆரம்பித்துவிடுவீர்கள். எனக்கு அந்த 8,760ஐ விட 133தான் பிடிக்கும். மனுஷன் தூங்கியிருக்கிறார், அதை மறைக்காமல் கணக்கிலும் எழுதியிருக்கிறார்.

ஆனால் ‘முதலாளித்துவக் காலத்தின் மீதான கூர்மையான விசாரணை’ என்று யாராவது எழுதியிருப்பதை முன்கூட்டியே படித்துவிட்டுப் போனால், உங்கள் கண் அந்த வரியைச் சரிபார்க்கிற வேலையை மட்டும் செய்யும்.

இன்னொன்று, கூட்டமாகப் போகாதீர்கள். தனியாக, இல்லாவிட்டால் பேசாமல் இருக்கத் தெரிந்த ஒருவரோடு.

நிகழ்த்துகலை: கடிகாரமும் கூட்டமும்

உள்ளே நுழைந்த நேரத்தை எழுதுங்கள், வெளியே வந்த நேரத்தையும். அலுப்பு தட்டிய நேரத்தைக் கண்டிப்பாக எழுதுங்கள். நிகழ்த்துகலையில் அலுப்பு ரொம்ப உபயோகமான விஷயம், அதைப் பலர் வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். கரண்டித் தண்ணீர் நிகழ்ச்சியில் எட்டாவது நிமிடம் நான் போனை எடுத்தேன். பதினைந்தாவது நிமிடம் மனசுக்குள் கணக்குப் போட்டேன்: பத்து லிட்டர் வாளி, ஐந்து மில்லி கரண்டி, 2,000 நடை, ஒரு நடைக்கு இருபது விநாடி வைத்தால்கூட பதினோரு மணி நேரம், ஆக இன்று இந்த வாளி காலியாகப் போவதில்லை. அது உறைத்ததும் என்னவோ தளர்ந்தது. முடிவைப் பார்க்கக் காத்திருக்கத் தேவையில்லை என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தேன். போகும்போது பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு போகிறது, திரும்பும்போது குதிகால் டக் டக் என்று விழுகிறது. ஐந்து மில்லி தண்ணீரின் பாரம் நடையில் தெரிந்தது.

இதெல்லாம் எனக்கு வாய்த்த முக்கால் மணி நேரம். இன்னொருவருக்கு வேறு கிடைத்திருக்கும், அதனால்தான் நேரத்தை எழுதச் சொல்கிறேன்.

அப்புறம், திரும்பிக் கூட்டத்தைப் பாருங்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. மரினா அப்ரமோவிச் 1974இல் நேப்பிள்ஸ் நகரில் ஒரு மேசையில் 72 பொருள்களை வைத்தார்: ரோஜா, இறகு, தேன், கத்தி, துப்பாக்கி, ஒரு தோட்டா என்று. ஆறு மணி நேரம் நான் ஒரு பொருள், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று அசையாமல் நின்றார். ஆரம்பத்தில் பூவைக் கையில் கொடுத்த கூட்டம், நேரம் போகப்போக உடையை வெட்டியது, தோலைக் கீறியது, கடைசியில் ஒருவர் துப்பாக்கியையே அவர் பக்கம் திருப்பும் நிலைக்கு வந்தது. அன்று அங்கே இருந்து கலைஞரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர், அசையாமல் நின்ற ஒரு பெண்ணைத்தான் பார்த்திருப்பார். நடந்ததெல்லாம் கூட்டத்தில். அதற்குப் பத்து வருடம் முன்பே, 1964இல் கியோட்டோவில் யோகோ ஓனோ மேடையில் உட்கார்ந்து பார்வையாளர்கள் ஒவ்வொருவராக வந்து தன் உடையைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டு போகலாம் என்று விட்டார். அதிலும் நான் எழுதுவதாக இருந்தால் கத்தரி பிடித்த கைகளைப் பற்றித்தான் எழுதுவேன், யார் விளிம்பில் கொஞ்சமாக வெட்டினார், யார் அவசரப்படாமல் நிதானமாக வெட்டினார் என்று.

உங்களையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துத்தான் எழுத வேண்டும். நிறுத்தச் சொல்லிக் கத்தத் தோன்றியதா? வெளியே போகத் தோன்றியும் மரியாதைக்காக நின்றீர்களா? பக்கத்தில் இருப்பவர் அழுகிறாரே, நமக்கு ஏன் எதுவும் வரவில்லை என்று குற்ற உணர்ச்சியா? 2010இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அதே அப்ரமோவிச் மார்ச்சிலிருந்து மே முடிய, திறந்திருக்கும் நேரமெல்லாம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், 700 மணி நேரத்துக்கு மேல். எதிர் நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், பேசக் கூடாது. உட்கார்ந்தவர்களில் பலர் அழுதார்கள், அந்த முகங்களின் படங்கள் உலகம் முழுக்கப் பரவின. ஆனால் நாள் முழுக்க வரிசையில் நின்று, உட்கார இடம் கிடைக்காமல் திரும்பியவர்களும் உண்டு. அவர்கள் எழுதும் குறிப்பும் அந்தப் படைப்பைப் பற்றிய குறிப்புதான். எனக்கு அதைப் படிக்கத்தான் ஆசை.

இந்த வகையில் உங்கள் குறிப்புக்கு உண்மையாகவே மதிப்பு உண்டு. டினோ சேகல் தன் படைப்புகளைப் படம் எடுக்க அனுமதிப்பதில்லை, விற்கும்போதுகூட எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது, எல்லாம் வாய்வார்த்தை. 1971இல் கிறிஸ் பர்டன் கலிபோர்னியாவில் ஒரு நண்பரைக் கொண்டு தன் கையில் துப்பாக்கியால் சுடவைத்தார். பார்த்தவர்கள் வெகு சிலர், மிச்சம் சில விநாடிப் படம். ஆனால் அதைப் பற்றி எழுதியவர்களோ ஏராளம். பார்த்தவர் எழுதிய நாலு வரி அந்தக் குவியலில் தனியாகத் தெரியும்.

நிலக்கலை: நடந்து அளக்க வேண்டியது

இதில்தான் பெரிய சிக்கல், நம்மில் பெரும்பாலானவர்கள் போகவே மாட்டோம். பாலைவனத்தின் நடுவில் இருக்கும், அல்லது அழிந்துபோயிருக்கும். படத்தில் பார்த்ததை நேரில் பார்த்த மாதிரி எழுதுகிற பழக்கம் இங்கே ரொம்ப அதிகம். நானும் செய்திருக்கிறேன்.

ராபர்ட் ஸ்மித்சன் 1970 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கிரேட் சால்ட் லேக் என்ற உப்பு ஏரிக்குள், 6,000 டன்னுக்கும் அதிகமான கருங்கல்லையும் மண்ணையும் கொட்டிப் போட்ட சுருள் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1,500 அடி நீளம், 15 அடி அகலம். நமக்குத் தெரிந்த படங்களில் பெரும்பாலானவை மேலிருந்து எடுத்தவை. அந்தப் பார்வையில் அது ஒரு அழகான கோலம், ஒரு பார்வையில் அடங்கிவிடுகிறது. அதன் மேல் நடப்பவருக்கு அந்தச் சுருள் தெரியாது. காலடியில் கல், இரு பக்கமும் தண்ணீரோ உப்புப் படுகையோ, அதற்கு அப்பால் அடுத்த சுற்றின் கரை, அவ்வளவுதான். படத்தை மட்டும் பார்த்து ‘பிரபஞ்சச் சுழல்’ என்று எழுதுவது சுலபம்.

அதனால் நான் ஒரு வேலை செய்தேன், நீங்களும் செய்து பார்க்கலாம். திறந்த வெளி ஒன்றில் 1,500 அடியை நடந்து அளந்தேன். என் காலுக்கு அறுநூறு எட்டுக்கு மேல் வந்தது. நேர்கோட்டில்தான் நடந்தேன், சுருளாக அல்ல, கல்லும் இல்லை. ஆனாலும் முந்நூறாவது எட்டில் ‘இன்னும் பாதியா?’ என்று தோன்றியது, படம் பார்த்தபோது ஒரு தடவைகூடத் தோன்றாத விஷயம். பிறகு எழுதிய குறிப்பில் முதல் வரியே இப்படி வைத்தேன்: ‘நான் அங்கே போனதில்லை, அதன் நீளத்தை மட்டும் நடந்திருக்கிறேன்.’ போகாததைப் போகவில்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். பார்த்தது படம் என்றால் படத்தைப் பற்றி எழுதுங்கள்: எங்கிருந்து எடுத்தது, மனிதர் யாராவது உள்ளே இருக்கிறாரா, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று.

அந்தச் சுருள் கட்டிய இரண்டு மூன்று வருடத்திலேயே ஏரி நீர்மட்டம் ஏறி மூழ்கிவிட்டது. ஸ்மித்சன் 1973இல் விமான விபத்தில் இறந்துபோனார். கிட்டத்தட்ட முப்பது வருடம் பெரும்பாலும் தண்ணீருக்கடியில் கிடந்து, 2002 வாக்கில் வறட்சி வந்தபோது மேலே வந்தது, கருங்கல் முழுக்க வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்து. ஆகவே 1971இல் பார்த்தவரும், 1985இல் போய் வெறும் தண்ணீரைப் பார்த்தவரும், இப்போது வறண்ட தரையில் நடப்பவரும் மூன்று வெவ்வேறு பொருள்களைப் பார்த்திருக்கிறார்கள். நிலக்கலையைப் பற்றி எழுதும்போது தேதி, வேளை, காற்று, வெயில் எல்லாம் எழுதித்தான் ஆக வேண்டும். நம் இலக்கணத்தில் முதற்பொருள் என்று சொல்வதே நிலத்தையும் பொழுதையும்தான், கருப்பொருளும் உரிப்பொருளும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எனக்கு இதைவிட நல்ல படிவம் கிடைக்கவில்லை.

பொழுதின் விஷயத்தில் இரண்டு படைப்புகள் நல்ல பாடம். வால்டர் டி மரியா 1977இல் நியூ மெக்சிகோவில் ஒரு மைலுக்கு ஒரு கிலோமீட்டர் பரப்பில் 400 எஃகுக் கம்பங்களை நட்டார். தரை மேடும் பள்ளமும், ஆனால் கம்ப முனைகள் எல்லாம் ஒரே மட்டம். ‘மின்னல் வெளி’ என்ற அதன் பெயரில் மின்னல் இருக்கிறது, படங்களிலும் மின்னல் இருக்கிறது, போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் மின்னலைப் பார்ப்பதில்லை. ஒரு தடவைக்கு ஆறு பேர் வரைதான், இரவு அங்கேயே ஒரு மரவீட்டில் தங்க வேண்டும், படம் எடுக்கக் கூடாது. உச்சி வெயிலில் கம்பங்கள் கண்ணுக்கே தெரியாமல் கரைந்துவிடுமாம், விடியலிலும் அந்தியிலும்தான் ஒளி பிடித்து நிற்குமாம். தங்கச் சொல்வது அதற்குத்தான். இன்னொன்று நான்சி ஹோல்ட் 1973 முதல் 1976 வரை யூட்டா பாலையில் செய்தது: 18 அடி நீளமுள்ள நான்கு கான்கிரீட் குழாய்கள், கோடையிலும் குளிரிலும் சூரியன் திசை திரும்பும் நாள்களில் உதயமும் அஸ்தமனமும் குழாய்க்குள் சரியாக விழும்படி வைத்தவை. மேலே விண்மீன் கூட்டங்களின் வடிவில் ஓட்டைகள். பகலில் உள்ளே நின்றால் காலடியில் ஒளிப்பொட்டுகள் நகரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அது எவ்வளவு நேரத்தில் ஒரு விரற்கடை நகர்கிறது என்று மட்டும் எழுதினால் போதும், நல்ல குறிப்பு அதுவே.

நிலம் யாருடையது என்ற கேள்வியையும் விடாதீர்கள். ‘ஆளில்லாத வெற்றுவெளி’ என்று எழுதும் முன் கொஞ்சம் யோசியுங்கள், அந்தப் பாலைகளில் எத்தனையோ தலைமுறையாக மக்கள் நடந்திருக்கிறார்கள், மேய்த்திருக்கிறார்கள், புதைத்திருக்கிறார்கள். மைக்கேல் ஹைசர் 1969இல் நெவாடாவில் 2,40,000 டன் பாறையை வெடிவைத்தும் புல்டோசரால் தள்ளியும் இரண்டு பெரும் பள்ளங்களை வெட்டினார். பெரியது, துணிச்சலானது, எல்லாம் சரி. எனக்கு அதில் இன்னும் மனசு ஒப்பவில்லை. ரிச்சர்ட் லாங் 1967இல், மாணவராக இருந்தபோது, புல்வெளியில் போவதும் வருவதுமாக நடந்து நடந்து புல் படுத்து ஒரு கோடு உண்டானது, அதைப் படம் எடுத்தார், சில நாளில் புல் நிமிர்ந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. குறிப்பில் இந்தச் சாய்வைச் சொல்லிவிடுவது நல்லது.

ஆக்னஸ் டெனஸ் 1982இல் நியூயார்க்கின் பங்குச்சந்தைப் பகுதியை ஒட்டி, மண்ணும் கழிவும் கொட்டி நிரப்பிய நிலத்தில் இரண்டு ஏக்கர் கோதுமை விதைத்து அறுத்தார், ஆயிரம் பவுண்டுக்கு மேல் விளைந்தது. பிரான்சிஸ் அலீஸ் 2002இல் பெருவின் லிமா நகருக்கு வெளியே 500 பேரை வரிசையாக நிறுத்தி, மண்வெட்டியால் ஒரு மணல்மேட்டைத் தள்ளவைத்தார், மேடு நகர்ந்தது ஒரு சாண்கூட இருக்காது. இரண்டும் இன்று இல்லை. இந்த மாதிரிப் படைப்புகளுக்கு ‘பார்த்தேன்’ என்ற வினையே பொருந்தாது, ‘கேள்விப்பட்டேன்’ என்று எழுதுங்கள். அலீஸுக்கு அது கதையாகப் பரவுவதே போதும் என்றுதான் படுகிறது.

தொழில்நுட்பக் கலை: அது என்ன செய்கிறது, நாம் என்ன நினைத்தோம்

ஒரு தடவை இருட்டறை ஒன்றில் சுவர் முழுக்க ஒளித்துகள்கள் மிதந்துகொண்டிருந்தன. ‘உங்கள் அசைவுக்கு ஏற்ப மாறும்’ என்று வாசலில் எழுதியிருந்தது. கையைத் தூக்கினேன், துகள்கள் மெல்ல மேலே போயின. இறக்கினேன், கொஞ்ச நேரத்தில் இறங்கின. பத்து நிமிடம் நாட்டியமே ஆடினேன். அப்போது காவலுக்கு நின்றவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, “சென்சார் நேத்திலிருந்து வேலை செய்யல சார், அது பாட்டுக்கு ஓடுது” என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. இதைச் சரிசெய்யாமல் உள்ளே விட்டவர்கள் மேல் கோபமும்தான். ஆனால் அன்றைய குறிப்பு என் நோட்டில் உள்ள நல்ல குறிப்புகளில் ஒன்று. என் கைக்குக் கட்டுப்படாத ஒன்றைக் கட்டுப்படுத்துவதாகப் பத்து நிமிடம் நம்பியிருக்கிறேனே, அது எனக்கு நிஜமாக நடந்ததுதானே.

அதிலிருந்து ஒரு சோதனை வைத்திருக்கிறேன். உள்ளே போனதும் இரண்டு நிமிடம் ஆடாமல் நில்லுங்கள். பிறகு அசையுங்கள். இன்னொருவர் வரும்போது என்ன மாறுகிறது என்று பாருங்கள். வெளியே போய்த் திரும்பி வாருங்கள். காட்சி எங்கே திரும்பத் தொடங்குகிறது, லூப் எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தில் பிடியுங்கள். ப்ரொஜெக்டர் எங்கே தொங்குகிறது, மின்விசிறி எங்கே உறுமுகிறது, ஒயர் எந்த மூலைக்கு ஓடுகிறது, அறை சூடாக இருக்கிறதா, இதையும் எழுதுங்கள். கருவியை மறைத்து மாயம் காட்டுகிற படைப்பு வேறு, கருவியை முன்னால் வைத்துக்கொண்டே மாயம் காட்டுகிற படைப்பு வேறு.

இரண்டாவது வகைக்கு என் மனதுக்குப் பிடித்த உதாரணம் ஜேனட் கார்டிஃப் 2001இல் செய்த ஒலிப் படைப்பு. 40 ஸ்பீக்கர்கள் நீள்வட்டமாக, ஆளுயரத்தில், ஸ்டாண்டில். பதினாறாம் நூற்றாண்டுக் கூட்டுப்பாடல் ஒன்றின் 40 குரல்கள், ஸ்பீக்கருக்கு ஒரு குரல். நடுவில் நின்றால் ஒரே கடல், ஒரு ஸ்பீக்கரிடம் காதைக் கொண்டுபோனால் ஒரு தனி மனிதர், அவருடைய மூச்சு. 14 நிமிடத்தில் பாட்டு 11 நிமிடம்தான், மிச்சம் மூன்று நிமிடம் பாடகர்கள் இடைவேளையில் இருமுவதும் பேசிக்கொள்வதும். மறைக்க எதுவும் இல்லை, கறுப்புப் பெட்டி 40. இதைப் பற்றி எழுதுபவர் எந்த ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றார் என்று எழுதாவிட்டால் எதுவும் எழுதவில்லை என்றே சொல்வேன். ரஃபேல் லொசானோ-ஹெம்மர் 2006இல் செய்த பல்பு அறையும் இதே ரகம். கைப்பிடியைப் பிடித்தால் உங்கள் நாடித் துடிப்புக்கு ஏற்ப ஒரு பல்பு மினுக் மினுக் என்று எரியும். அடுத்தவர் வந்து பிடித்ததும் உங்கள் துடிப்பு ஒரு பல்பு தள்ளிப்போகும், அப்படியே வரிசையாகத் தள்ளித்தள்ளிக் கடைசியில் இல்லாமல் போகும். அங்கே போனால் உங்களுடையது எதுவென்று எத்தனை நேரம் அடையாளம் காண முடிந்தது என்பதை எழுதுங்கள்.

தொழில்நுட்பக் கலையில் இன்னொரு தொல்லை, வீடியோவோடு சேர்ந்து வருகிற கதை. சுன் யுவான், பெங் யூ இருவரும் 2016இல் கூகன்ஹைம் அருங்காட்சியகத்துக்காகச் செய்த ரோபோ கையை நீங்களும் போனில் பார்த்திருப்பீர்கள்: கண்ணாடி மாதிரித் தெரிகிற சுவர்களுக்குள், ரத்தம் மாதிரி பரவுகிற சிவப்புத் திரவத்தை வழித்து வழித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். ‘அந்தத் திரவம்தான் அதற்கு உயிர், கசிந்து கசிந்து கடைசியில் இறந்துபோனது’ என்று ஒரு கதை கூடவே சுற்றியது, கோடிப் பேர் கண் கலங்கினார்கள். அது மின்சாரத்தில் ஓடுகிற தொழிற்சாலை ரோபோ, திரவம் நிறமேற்றியது, கண்காட்சி முடிந்ததும் நிறுத்தினார்கள். கலைஞர்கள் அதற்கு 32 அசைவுகள் கொடுத்திருந்தார்கள், சொறிந்துகொள்வது, குனிந்து குலுங்குவது மாதிரி. கதை இல்லாமல் பார்த்தால் அந்த அசைவுகள் கொஞ்சம் வேடிக்கையாகவும் கொஞ்சம் பயமாகவும் இருக்கின்றன, அழுகை எனக்கு வரவில்லை. கதை தெரிந்து பார்த்தால் அசைவே கண்ணில் படுவதில்லை. ஆகவே வீடியோவில் பார்ப்பதாக இருந்தால், ஒரு தடவையாவது ஒலியை அணைத்து, மேலே எழுதியிருப்பதைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு வைத்துச் செய்யும் பெரிய திரைகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ரெஃபிக் அனடோல் 2022இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைத்தது மாதிரி, அருங்காட்சியகத்தின் சேகரிப்பையே தரவாகக் கொடுத்து ஓயாமல் உருமாறுகிற படம். ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: மூன்று நிமிடம் பார்த்தவருக்கும் முப்பது நிமிடம் பார்த்தவருக்கும் என்ன வித்தியாசம்? பதில் இருந்தால் எழுதுங்கள். இல்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

இயந்திரம் கெட்டுப்போனால் எரிச்சலோடு நிறுத்திவிடாதீர்கள். ழான் டிங்க்லி 1960இல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் பெரிய இயந்திரம் ஒன்றை அதே அருங்காட்சியகத்துத் தோட்டத்தில் ஓட்டினார். அது திட்டமிட்டபடிகூட அழியவில்லை, தீ பற்றி, தீயணைப்பு வீரர் வந்து அணைக்க வேண்டியதாயிற்று. இன்றுவரை பேசுவது அதைத்தான்.

வீட்டுக்கு வந்து எழுதும்போது

அன்றே எழுதுங்கள், தூங்கி எழுந்தால் பாதி போய்விடும். சில சொற்களை முதல் வரைவில் தொடவே கூடாது என்று எனக்கு நானே தடை போட்டிருக்கிறேன்: ஆழமான, பிரமிப்பு, மனதைத் தொட்டது, பல கேள்விகளை எழுப்புகிறது, எல்லைகளைத் தகர்க்கிறது. இவற்றை எழுதினால் அடுத்த வரிக்கு வேலையே இல்லாமல் போகிறது. எந்தக் கேள்வி எழுந்தது என்று கேள்வியையே எழுதிவிடலாமே. அதற்குப் பதிலாக நம் மொழியில் குவிந்து கிடக்கிற ஒலிச்சொற்களைத் தயங்காமல் எடுங்கள். சலசல, கிறுகிறு, மினுமினு, பிசுபிசு என்பவை இப்படிப்பட்ட ஓர் அறையில் உடம்புக்கு நடப்பதைச் சொல்கிற துல்லியத்துக்கு ‘அனுபவப் பரிமாணம்’ எல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது.

நடந்ததை முழுசாக வரிசையாகச் சொல்ல வேண்டாம், ஒரு கணத்திலிருந்து தொடங்கி விரியுங்கள். பிடிக்கவில்லை என்றால் எந்த நிமிடத்தில் பிடிக்காமல் போனது என்று சொல்லுங்கள். ‘இதை நான்கூடச் செய்வேன்’ என்று தோன்றினால் நல்லது, செய்து பாருங்கள். நான் வீட்டில் இரண்டு பாத்திரம் வைத்துத் தேக்கரண்டியால் தண்ணீர் கடத்திப் பார்த்தேன். நாலாவது நிமிடம் மணிக்கட்டு கடுத்தது, ஏழாவது நிமிடம் சிந்தினேன், பதினோராவது நிமிடம் போன் அடித்தது, சந்தோஷமாக எடுத்தேன்.

எல்லாம் எழுதி முடித்தபிறகு துண்டுத்தாளையும் கலைஞர் சொன்னதையும் படியுங்கள். உங்கள் குறிப்போடு முரண்பட்டால் குறிப்பைத் திருத்தாதீர்கள். கீழே தேதி போட்டு, ‘அவர் இப்படிச் சொல்கிறார், எனக்கு அப்படித் தெரியவில்லை’ என்றோ, ‘இதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்’ என்றோ சேர்த்துவிடுங்கள்.

அந்தப் பழைய ஒற்றை வரியை அடித்துவிட்டு, ஞாபகத்தில் இருந்ததை வைத்துப் பிறகு எழுதியது இப்போது என் நோட்டில் இப்படி இருக்கிறது:

‘உள்ளே 3.10, வெளியே 3.55. கதவுக்கு இடப்பக்கம் சுவரில் சாய்ந்து நின்றேன். எட்டாவது நிமிடம் போன். போகும்போது பாதம் தேய்கிறது, வரும்போது குதிகால் டக் டக். கரண்டி பிடித்த கையின் முழங்கைவரை ஈரம், சட்டைக் கையை மடித்து விட்டிருக்கிறார், அது ஒவ்வொரு நடைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, சரிசெய்யவில்லை. ஒரு சின்னப் பையன் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் “இன்னும் நிறைய இருக்கு” என்றான். நடப்பவர் சிரிக்கவில்லை, ஆனால் அந்த நடையில் மட்டும் தண்ணீர் சிந்தியது.’